தொட விடாத பூனையை மழைக்கும் நாய்க்கும் தப்ப வைப்பது எப்படி?

கடலூரை அடுத்த பாதிரிக்குப்பத்தில் கெடிலம் ஆற்றங்கரையை ஒட்டிய வீடு. கொல்லையில் தென்னையும் முருங்கையும், அதற்கு அப்பால் கரும்புத் தோட்டம். ஒரு வயது மதிக்கத்தக்க, சாம்பல் நிறத்தில் வரியோடிய பெட்டைப் பூனை ஒன்று காலையும் மாலையும் வந்து நீங்கள் வைப்பதைத் தின்றுவிட்டு, யாரையும் நாலு முழத்துக்குள் நெருங்க விடாமல், விறகு அடுக்கின் இடுக்கில் போய்ப் படுத்துக்கொள்கிறது. சென்ற வாரம் தெரு நாய்கள் அதைத் துரத்தி மதில்மேல் ஏற்றிவிட்டன. அதே விறகு அடுக்கின் அருகே உங்கள் மாமியார் கண்ணாடி விரியனைப் பார்த்திருக்கிறார். இரவில் நரி நடமாடுவதாகப் பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். மழை பிடிக்கும் முன் இதை எப்படிக் காப்பது, வீட்டுக்காரர் சொல்வது போல் ஓர் அறையில் அடைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், அம்மா. நான் இந்த மாவட்டத்தில் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பிழைப்பு ஆடு மாடுகளோடு என்றாலும், மஞ்சக்குப்பத்து வீட்டுக் கொல்லையில் இத்தகைய பூனைகள் பலவற்றுக்குச் சோறு வைத்திருக்கிறேன். ஒன்றிரண்டை என் கவனக்குறைவால் இழந்தும் இருக்கிறேன்.

அடைத்துவிடலாமா என்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பூனைக்குட்டி மனிதரைத் தன் கூட்டாளியாக ஏற்றுக்கொள்ளும் பருவம் பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரையில்தான். அந்த நாட்களில் மனிதக் கை படாமல் வளர்ந்த பூனை, பிறகு எத்தனை ஆண்டு சோறு போட்டாலும், உங்களைச் சோறு வரும் திசையாக மட்டுமே அறியும். சில பூனைகள் காலப்போக்கில் முதுகைத் தடவ விடும், பல விடுவதே இல்லை. அப்படிப்பட்டதைப் பிடித்து நிரந்தரமாக அறையில் போட்டால் ஜன்னல் வலையைக் கிழிக்கும், அலமாரிக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு சாப்பிட மறுக்கும். பூனை தொடர்ந்து சில நாட்கள் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே நிரந்தரமாக அடைப்பது வேண்டாம். ஆனால் புயல் வரும் இரண்டு நாட்களுக்கு அடைக்கத்தான் வேண்டும். காற்று வீசத் தொடங்கிய பிறகு தொட விடாத பூனையை எவராலும் பிடிக்க முடியாது என்பதால், அந்த இரண்டு நாட்களுக்கான வேலையை இந்த ஆடி மாதத்திலேயே தொடங்க வேண்டும். உங்களுக்கும் அதற்கும் நடுவே இருக்கும் ஒரே கயிறு பசி. அந்தக் கயிற்றை நேரம் தவறாமல், மெல்ல மெல்ல இழுப்பதுதான் வழி.

காலையில் விடிந்த பிறகு ஒருமுறை, மாலையில் இருட்டும் முன் ஒருமுறை என்று நேரத்தை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் எவர்சில்வர் தட்டில் கரண்டியால் ஒரே மாதிரி மூன்று தட்டு தட்டுங்கள். ஒரு மாதத்தில் அந்த ஓசைக்கு அது எங்கிருந்தாலும் வரும், பின்னால் இது பெரிதும் உதவப் போகிறது. அரை மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் நீங்கள் பயப்படும் எல்லாமே அந்த மிச்சச் சோற்றைத் தேடித்தான் வருகின்றன: நாய்கள் நேராக வருகின்றன, மரநாய் இரவில் ஓட்டின்மேல் இறங்கி வருகிறது, எலிகள் வருகின்றன, எலிகளின் பின்னால் விரியன் வருகிறது. பூனைக்கு என்று இரவு முழுதும் சோறு திறந்து வைப்பவர், அறியாமலே அதன் எதிரிகளுக்கு விருந்து வைக்கிறார். வெறும் மோர்ச்சோறும் பால்சோறும் பூனைக்குப் போதாது; வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் கழிச்சல் ஏற்படும். கொஞ்சம் சோற்றில் வேகவைத்த மத்தியோ நெத்திலியோ பிசைந்து, உப்பும் காரமும் சேர்க்காமல் கொடுங்கள், மீனே மிகுதியாக இருக்கட்டும். எறும்புக்கு நம் பாட்டிமார் செய்ததே போதும்: அகன்ற தட்டில் தண்ணீர் ஊற்றி, அதன் நடுவே கிண்ணத்தை வையுங்கள்.

வளர்ந்த பூனைக்கு இந்த ஊரில் முதல் எதிரி தெரு நாய்தான், நரி அல்ல. ஒற்றை நாயைப் பூனை பெரும்பாலும் சீறி விரட்டிவிடும். மூன்று நான்கு நாய்கள் சேர்ந்து இருபுறமும் மறித்தால் சில நொடிகளில் முடிந்துவிடும். ஆகவே கொல்லையில் எந்த இடத்தில் நின்றாலும் இரண்டு மூன்று பாய்ச்சலில் ஏறித் தப்பிக்க ஓர் உயரம் இருக்கிறதா என்று பூனையின் கண்ணால் பார்த்து வாருங்கள். சோற்றுக் கிண்ணமும் தரையில் வேண்டாம். துணி துவைக்கும் கல்லின்மேலோ ஐந்தடி உயர மதிலின்மேலோ ஒரு பலகை போட்டு அங்கே வையுங்கள். வழவழப்பான சிமெண்டுத் தூணாக இருந்தால் தேங்காய் நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றிவிட்டால் நகம் பதிக்கப் பிடிப்பு கிடைக்கும். நம் ஊர் மதில்களில் கண்ணாடிச் சில்லு பதிக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. திருடன் அதற்குப் பயந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை, ஆனால் பாதம் கிழிந்து சீழ் பிடித்த பூனைகளைக் கண்டிருக்கிறேன். ஒரு முழ நீளத்துக்காவது சில்லுகளை உடைத்துச் சமப்படுத்தி, பூனை வழக்கமாகப் போகும் தடத்தில் அந்த இடைவெளி இருக்குமாறு செய்யுங்கள். தென்னையில் ஏறிய பூனை இறங்கத் தடுமாறும், நகம் பின்னோக்கி வளைந்திருப்பதால் தலைகீழாக இறங்க அதற்கு வராது. முருங்கையோ காற்றில் முதலில் முறியும் மரம். இரண்டையும் நம்பாமல் மாடிப்படிப் பக்கம் வழி அமைப்பதே நல்லது.

பக்கத்து வீட்டார் கேட்பது நரியாகவே இருக்கலாம். கரும்பும் புதரும் உள்ள இடங்களில் நரி உண்டு, பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டிலும் உண்டு. ஆனால் ஓட்டின்மேல் தடதடவென்று கேட்பது பெரும்பாலும் மரநாய். மரநாயும் கீரியும் வளர்ந்த பூனையோடு வீணாக மோதுவதில்லை. குட்டிகளைத் தூக்கும், அதுபோல் பருந்தும் பெரிய ஆந்தையும் குட்டிகளைத்தான் குறிவைக்கும். இவற்றை எல்லாம் பொறி வைத்தோ விஷம் வைத்தோ கொல்லலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அந்த விஷத்தை முதலில் தின்பது உங்கள் பூனையாகத்தான் இருக்கும். எலிமருந்து தின்று தள்ளாடும் எலியைப் பிடிப்பது பூனைக்கு மிக எளிது என்பதால், அக்கம்பக்கத்தார் எலிமருந்து வைப்பதையும் தயவாகப் பேசி நிறுத்தச் சொல்லுங்கள்.

விரியன் விஷயத்தில் பூனையைவிட உங்கள் வீட்டாரைப் பற்றித்தான் எனக்கு முதல் கவலை. விறகு அடுக்கு, உதிர்ந்த தென்னை மட்டைக் குவியல், பழைய செங்கல் இவை மூன்றும் எலிக்கும் பாம்புக்கும் சேர்த்தே கட்டிய வீடு. விறகைத் தரையிலிருந்து ஓரடி உயர்த்தி, சுவரை விட்டுத் தள்ளி அடுக்குங்கள். பூனைக்கு வேறு படுக்கை கிடைத்த பிறகே அதைக் கலையுங்கள். பாம்பு வராமலிருக்க ஃபினாயில் ஊற்றுவதும், அந்துருண்டை போடுவதும், பூண்டு நசுக்கித் தெளிப்பதும் எங்கும் நடக்கிறது. பாம்பு அவற்றைத் தாண்டி வரும். பூனையோ அந்தத் தரையில் நடந்து பாதத்தை நக்கி நஞ்சேறும், ஏனெனில் ஃபினாயில் வகைப் பொருட்களைக் கழித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகவும் குறைவு. பூனை திடீரென்று பின்னங்கால் இழுத்து நடந்தாலோ, இமை சரிந்து வாயில் எச்சில் வடிந்தாலோ, ஒரு பாதமோ முகமோ வீங்கி இரத்தம் கசிந்தாலோ பாம்புக்கடி என்று கருதி, கட்டு கட்டாமல், கீறாமல், பச்சிலை தேடி நேரத்தைக் கடத்தாமல், உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மனிதருக்குப் போடும் அதே கூட்டு எதிர்நஞ்சு மருந்துதான் விலங்குக்கும். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் அது ஏற்றது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய, பாம்பு பிடிக்கும் இருளர்களின் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துத் தரும் நஞ்சு அந்த மருந்தின் மூலப்பொருளாகப் பயன்பட்டு வருகிறது என்பதை இந்தக் கரையோரத்துக்காரர்கள் பலரே அறிவதில்லை. எல்லா மருந்தகத்திலும் எதிர்நஞ்சு இருக்காது; எங்கே கிடைக்கும் என்று இப்போதே விசாரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வானிலை. வெளிப் பூனைக்குக் கூடு அமைப்பது பற்றி வெளிநாட்டார் எழுதிய குறிப்புகள் எல்லாம் பனியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை: சிறிய அறை, ஒரே ஒரு குறுகிய வாசல், உள்ளே சூடு தங்க வேண்டும் என்பார்கள். கடலூரில் மார்கழி இரவில்கூடப் பூனை குளிரால் சாகாது. ஈரத்தால் நோயுறும், வெப்பத்தால் சாகும். எனவே நமக்குத் தேவை உலர்ந்த, காற்றோட்டமான, உயரமான இடம். வாசலும் இரண்டு வேண்டும், ஒன்றில் நாயோ கடுவன் பூனையோ வந்து நின்றால் மற்றதன் வழியே வெளியேறுவதற்கு. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீனுக்கு ஐஸ் போட்டு அனுப்பும் தெர்மாகோல் பெட்டிகள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். வெயிலையும் மழையையும் அவை நன்றாகத் தடுக்கின்றன. மீன் வாடை போகச் சோப்பு போட்டுக் கழுவி மூன்று நாள் வெயிலில் காயவைத்து, ஒரு சாண் அகலத்தில் இரண்டு வாசல் வெட்டி, தண்ணீர் தேங்காமலிருக்க அடியில் நான்கைந்து துளையிடுங்கள். தெர்மாகோல் எடை இல்லாதது, காற்று வந்தால் காகிதம் போல் பறக்கும். ஆகவே அதை மரப் பெட்டிக்குள்ளோ பழக் கூடைக்குள்ளோ இறுக்கமாக வைத்துக் கயிற்றால் கட்ட வேண்டும். உள்ளே பழைய புடவையும் சாக்கும் போடாதீர்கள், அவை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வைக்கோல் போடுங்கள், பூஞ்சை வாடை வந்தால் மாற்றிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் சாரல் பெரும்பாலும் கிழக்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் அடிப்பதால், வாசல்கள் மேற்கையும் தெற்கையும் பார்த்திருக்கட்டும்.

பெட்டியை எங்கே வைப்பது என்பதுதான் நான் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே மணிக்கு 140 கி.மீ. வரை வேகத்தோடு கரை கடந்து, பண்ணுருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. அப்போது என்னிடம் கறுப்புக் கடுவன் ஒன்று இருந்தது. அதன் பெட்டியைக் கொல்லைச் சார்ப்பின் கீழ் கட்டியிருந்தேன். பதினைந்து ஆண்டுகளாக நின்ற ஆஸ்பெஸ்டாஸ் சார்ப்பு என்ற நம்பிக்கை. விடிந்தபோது கூரையும் இல்லை, பெட்டியும் இல்லை. பதினோராம் நாள் அது முன்னங்கால் புண்ணோடு, எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தது என் அதிர்ஷ்டம். அந்தத் தவறு முழுக்க என்னுடையது. ஆகவே சார்ப்பு, கீற்றுக் கொட்டகை, தகரம் எதன் கீழும் வேண்டாம். கான்கிரீட் கூரையோடு ஒட்டிய இடம் வேண்டும். மொட்டை மாடிக்கு ஏறும் படிக்கட்டின் உச்சியில், மாடிக் கதவுக்கு உட்புறமாகவோ சுவர் மறைவிலோ இருக்கும் மூலை இதற்கு மிகவும் ஏற்றது.

உயரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்த பின் நகராமல் நெடுநேரம் நின்றுவிட, புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறத்தாழ 46 செ.மீ. மழை கொட்டியது. ஆனால் கடலூர்ப் பக்கம் தென்பெண்ணைக் கரையோரம் வெள்ளம் புகுந்தது, மழை ஓய்ந்து மக்கள் மூச்சு விட்ட பிறகு, அந்த ஆற்றின் மேற்பகுதியிலுள்ள சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிடப்பட்டபோது. கெடிலமும் அப்படித்தான், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் பெய்த மழை உங்கள் கொல்லைக்கு வந்து சேர நேரம் பிடிக்கும். வானம் வெளுத்துவிட்டது என்று பெட்டியைத் தரைக்கு இறக்காதீர்கள். வெள்ளத்தில் பாம்பும் பூரானும் தேளும் உலர்ந்த உயரத்தைத் தேடி வரும் என்பதால், பெட்டிக்குள் கையை விடும் முன் டார்ச் அடித்துக் குச்சியால் கிளறிப் பாருங்கள்.

இப்போது கூண்டுக்கு வருகிறேன். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் வரை காத்திராமல், பூனைக் கூண்டை இன்றே வாங்குங்கள். முன்பக்கக் கதவைக் கழற்றிவிட்டு, சோற்றுக் கிண்ணத்திலிருந்து பத்தடி தள்ளி வையுங்கள். பிறகு இரண்டு நாளைக்கு ஒரு சாண் என்று கிண்ணத்தைக் கூண்டை நோக்கி நகர்த்துங்கள். பூனை தயங்கினால் பழைய இடத்துக்கே போய் இரண்டு நாள் பொறுங்கள். ஒரு மாதத்துக்குள் கிண்ணம் கூண்டின் கடைசியில் இருக்கும், பூனை அங்கே அச்சமின்றித் தின்னும். அப்போது கதவை மாட்டி முதல்முறையாக மூடுங்கள், கருத்தடைக்காக. கூண்டின்மேல் கனத்த துணி போர்த்தினால் அது அமைதியாகிவிடும். பெட்டைப் பூனை நான்கைந்து மாதத்திலேயே சினைப்படத் தொடங்கிவிடும், சினைக்காலம் ஏறத்தாழ 63 நாட்கள்தான், நம் தட்பவெப்பத்தில் ஆண்டின் எந்த மாதமும் அதற்குப் பருவமே. ஒரு வயதாகியும் உங்கள் பூனை குட்டி போடாதிருந்தால் அது வியப்புதான். முலைக்காம்பு வீங்கியிருந்தால் சினையாக இருக்கலாம், அல்லது எங்கேயோ குட்டி ஒளித்து வைத்திருக்கலாம், அப்போது அவசரப்படாதீர்கள். அறுவையை ஆவணிக்குள் முடித்துவிடச் சொல்வதற்குக் காரணம், அதன் பிறகு ஓரிரு மாதம் பூனை கூண்டைக் கண்டாலே ஒதுங்கும்; மறுபடியும் கிண்ணத்தைச் சாண் சாணாக நகர்த்தி ஐப்பசிக்குள் பழக்க அவகாசம் வேண்டும். மயக்கத்தில் இருக்கும்போதே வெறிநோய்த் தடுப்பூசியும் பூனைகளுக்கான முத்தடுப்பு ஊசியும் போட்டு, கருத்தடை ஆனதற்கு அடையாளமாகக் காது நுனியைச் சிறிது வெட்டிவிடச் சொல்லுங்கள். கடலூரில் வசதி அமையவில்லையென்றால் புதுச்சேரி குருமாம்பேட்டிலுள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரிக்கலாம்.

வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் என்ற செய்தி வந்து, நம் கரையை நோக்கித் திரும்புகிறது என்றதும், மாலைச் சாப்பாட்டோடு கூண்டை மூடி, குளியலறையிலோ சாமான் அறையிலோ திறந்துவிடுங்கள். ஒரு மூலையில் வைக்கோல் பெட்டி, இன்னொரு மூலையில் ஆற்றுமணல் பரப்பிய தட்டு, தண்ணீர். விளக்கு அணைந்திருக்கட்டும், குழந்தைகள் எட்டிப் பார்க்க வேண்டாம். இரண்டு நாள் கத்தும், அதனால் கெடுதல் இல்லை. புயலின் கண் கடக்கும்போது காற்று அடங்கி ஊரே நிசப்தமாகும். அப்போது கதவைத் திறக்காதீர்கள், சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் வீசும்.

கத்திரி வெயிலுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மண் சட்டியில் தண்ணீர் இரண்டு இடத்தில், நண்பகலில் ஈரச்சாக்கு தொங்கவிட்ட ஒரு நிழல். பூனை நாயைப் போல் வாய் திறந்து மூச்சு வாங்கினால் ஈரத்துணியால் உடலையும் பாதங்களையும் நனைத்துக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள். கொல்லையில் கிணறு இருந்தால் வலை போட்டு, ஒரு நீண்ட சாக்கையோ மட்டையையோ தண்ணீர் மட்டம் வரை தொங்கவிடுங்கள். விழுந்தாலும் பிடித்து ஏறும். மழை இரவுகளில் காரின் எஞ்சின் அடியில் சூட்டுக்குப் போய்ச் சுருண்டிருக்கும், வண்டி எடுக்கும் முன் பானெட்டைத் தட்டுங்கள்.

மருந்து கொடுக்கும் ஆர்வத்தில் இரண்டு தவறுகள் நேர்வதுண்டு: காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுப்பதும், நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனை முதுகில் விடுவதும். முதலாவது ஒரு மாத்திரை அளவிலேயே கொல்லும். இரண்டாவதில் பெர்மெத்ரின் இருந்தால் வலிப்பு வந்து சாகும். பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ, நம் பூனைதானே என்று விடாமல், காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அரசு மருத்துவமனையில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். பொதுவாக 0, 3, 7, 28ஆம் நாட்களில் போடுவார்கள்.

இவ்வளவும் செய்தும் புயலுக்கு முன் அது கூண்டுக்கு வரவில்லை, புயலுக்குப் பின்னும் காணவில்லை என்றால், ஊரெல்லாம் அலைய வேண்டாம். அஞ்சிய பூனை பெரும்பாலும் தொலைவு போகாது. ஐந்தாறு வீடு தள்ளி, பரணிலோ படிக்கட்டு அடியிலோ, கூப்பிட்டாலும் குரல் கொடுக்காமல் பதுங்கியிருக்கும். அறுந்து விழுந்த மின்கம்பிகளை அப்புறப்படுத்திவிட்டார்கள் என்று உறுதி செய்துகொண்டு, தெரு அடங்கிய அதிகாலை நான்கு மணிக்குப் போய், மூடியிருக்கும் கொட்டகைகளைத் திறந்து பார்க்கச் சொல்லி அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்து, டார்ச்சைத் தாழ்வாகப் பிடித்துக் கண் பளபளக்கிறதா என்று பாருங்கள். பிறகு கொல்லைக்குத் திரும்பி, மீனை வைத்துவிட்டு, அதே தட்டில் அதே கரண்டியால் மூன்று முறை தட்டுங்கள். குறைந்தது இரண்டு வாரத்துக்கு, அதே இரண்டு வேளையும்.